பெட்டியில் என்ன இருந்தது

நவம்பர் 9, 2024

அம்மாவின் டெஸ்ட் ரிசல்ட் வர பத்து நாளாவது ஆகுமாம். அதற்குள் கதையை முடித்துவிடலாம் என்று மனது கணக்குப் போடுகிறது. வெட்கம் கெட்ட மனது.

நவம்பர் 10

மழை. மூன்று பாரா எழுதி, ஏஐயிடம் கொடுத்துத் தொடரச் சொன்னேன். "பாட்டி விடிவதற்குள் கவாத்துக்குப் போனாள்" என்பது என் கடைசி வரி. அது பாட்டிக்குக் காக்கி மாட்டி, வரிசையில் நிறுத்தி, விசில் ஊதி, இடது வலது என்று நடக்கவிட்டது. அகராதிப்படி தப்பில்லை, கவாத்து என்றால் போலீஸ்காரர்களின் அணிவகுப்புப் பயிற்சியும்தான். தேயிலைச் செடியை வெட்டிவிடுவதற்கும் அதே சொல் என்று கோத்தகிரியில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும்.

அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். இருமல் வரும்வரை சிரித்தாள். "எங்கம்மா விசிலுக்கெல்லாம் பயப்படமாட்டா புள்ள. கங்காணிக்குத்தான்."

நவம்பர் 11

கரடி மறுபடி வந்திருக்கிறது. கோயில் கதவை உடைத்து, விளக்குக்கு வைத்திருந்த எண்ணெயைக் குடித்துவிட்டுப் போயிருக்கிறது.

நவம்பர் 13

அம்மா குடும்பம் 1972இல் இலங்கையின் தலைமன்னாரில் கப்பல் ஏறியது. ஏஐ அவர்களைத் தனுஷ்கோடியில் இறக்கியது. தனுஷ்கோடியைத்தான் 1964 டிசம்பர் புயலே கொண்டுபோய்விட்டதே. அதற்கப்புறம் கப்பல் ராமேஸ்வரத்துக்குத்தான். சொன்னேன். "மன்னிக்கவும், நீங்கள் சொல்வது சரி" என்றது.

அந்தப் பணிவு உறுத்தியது. வேண்டுமென்றே, "கோத்தகிரி ஸ்டேஷனில் இறங்கினார்கள், அதை விரித்து எழுது" என்றேன். நீராவி, கூவல், போர்ட்டர், பிளாட்பாரத்தில் சூடான டீ என்று ஒரு பக்கம் வந்தது. கோத்தகிரிக்கு ஏது ரயில்? மேட்டுப்பாளையத்தில் கிளம்பி, குன்னூர் வழியாக ஊட்டிக்குப் போவதோடு சரி. அடுத்து என்ன சொல் வரும் என்று ஊகித்துக்கொண்டே போவதுதான் அதன் வேலை. மலை என்றால் ரயில், ரயில் என்றால் புகை. என் எழுத்தும் பாதி நாள் அப்படித்தான் ஓடுகிறது, அது வேறு விஷயம்.

எரிச்சலில், "நீ எழுதவே வேண்டாம், கேள்வி மட்டும் கேள்" என்றேன். ஏழு கேள்வி கேட்டது. ஆறு சப்பை. ஏழாவது: அவர்கள் கொண்டுவந்த தகரப் பெட்டியில் என்ன இருந்தது?

தெரியவில்லை. அந்தப் பெட்டி இப்போதும் கட்டிலுக்கு அடியில்தான் கிடக்கிறது.

நவம்பர் 14

"சவுக்காரம். பன்னெண்டு கட்டி. மண்டபம் கேம்ப்புல பாதிய வித்தோம்" என்றாள் அம்மா. சோப்பைத்தான் சொல்கிறாள்.

நவம்பர் 16

"சவுக்காரமா? யார் சொன்னா? தேயிலைத் தூளுதான் இருந்துச்சு" என்கிறாள் இன்று.

ஏஐயையும் கேட்டேன். மங்கிய புகைப்படம், பழைய கடிதம், கல்யாணச் சேலை, பிறந்த மண் ஒரு பிடி. பிறந்த மண்ணைப் பார்த்ததும் லேப்டாப்பை மூடிவிட்டேன்.

நவம்பர் 17

ஒரு வரி தூங்கவிடவில்லை. "மலை ஏற ஏறக் காது அடைத்தது; யாரோ சொன்ன ஊர்ப் பெயர் விழவே இல்லை." கதையிலேயே நல்ல வரி அதுதான். அது என் வரியா, ஏஐ கொடுத்ததா என்று எனக்கே தெரியவில்லை. கொடுத்து, வாங்கி, வெட்டி, ஒட்டி, மறுபடி கொடுத்து வாங்கியதில் தடம் அழிந்துவிட்டது. பழைய உரையாடலைத் தேடினேன். ஸ்டேஷன் புகையைப் பார்க்கச் சகிக்காமல் அன்றைக்கே நான்தான் அழித்திருக்கிறேன். புதிதாகத் தொடங்கிக் கேட்டேன். முன்பு பேசியது எதுவும் அதன் முன்னால் இல்லை, ஆனாலும் "இது உங்கள் குரல், உங்கள் வரிதான்" என்றது. "இல்லை, நீ எழுதியது" என்றேன். நன்றி சொன்னது! இதனிடம் போய் சாட்சி கேட்டேனே.

எடுத்துவிடலாம் என்றால் கை வரவில்லை. கழுத்தில் கிடப்பது இரவல் நகையா, சொந்த நகையா என்று தெரியாமல் கல்யாண வீட்டில் நிற்கிற மாதிரி இருக்கிறது. யாரும் கேட்கப்போவதில்லை. அதுதான் இன்னும் மோசம்.

அம்மா இரண்டு வாய் கஞ்சி குடித்தாள்.

நவம்பர் 18

ஏஐயில் இன்றைய இலவச அளவு தீர்ந்துவிட்டதாம். ஆங்கிலத்தைவிடத் தமிழைப் பொடிப்பொடியாக உடைத்து எண்ணுகிறது, அதனால் சீக்கிரம் தீர்கிறது. போன் வரவில்லை.

நவம்பர் 19

கோவைக்குப் போய் வந்தோம். இன்னொரு ஸ்கேன். காலையில் மேட்டுப்பாளையம் பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம், வாயில் புளிப்பு மிட்டாய். குஞ்சப்பனை தாண்டியதும் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.

"அடைக்குதா?"

"ம். மொதமொத ஏறி வந்தப்பவும் இப்படித்தான். எல்லாரும் என்னமோ சொல்றாங்க, ஒன்னும் கேக்கல."

இதை முன்னாடியே எனக்குச் சொல்லியிருக்கிறாளா? எப்போது? கேட்பதற்குள் தூங்கிவிட்டாள். மிட்டாய்க் காகிதம் அவள் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

நவம்பர் 20

எழுதவில்லை.

நவம்பர் 21

போன் வந்தது. போனில் சொல்ல மாட்டார்களாம், நாளை நேரில் வரச் சொல்கிறார்கள். முதல் பஸ்ஸுக்கே கிளம்ப வேண்டும். துணிப்பையில் சவுக்காரம் இரண்டு கட்டி எடுத்து வைக்கச் சொல்கிறாள், அட்மிட் ஆகச் சொன்னால் வேண்டுமாம். ஒன்று போதாதா என்றேன். பேசாமல் கட்டிலுக்கு அடியில் குனிந்து அந்தப் பெட்டியை இழுக்கப் போனாள், நான் போய்ப் பிடித்துக்கொண்டு