வண்ணத்துக்கு முன்னால் மோட்டார்

நண்பர் ஒருவர் வீட்டுப் பரணை ஒழிக்கும்போது கிடைத்த அட்டைப் பெட்டியொன்றை, "உனக்குத்தான் இதெல்லாம் பிடிக்குமே" என்று சொல்லி என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே பழந்துணியில் சுற்றிய நீராவி இன்ஜின் மாதிரி ஒன்று இருந்தது. ஹெச்ஓ அளவு, அதாவது அசலில் 87-இல் ஒரு பங்கு, 16.5 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளத்தில் ஓடுவது. யாரோ ஒருவர் எப்போதோ தடித்த பிரஷால் கறுப்பு எனாமலை அப்பியிருந்ததில், கொதிகலன் மேலிருந்த ரிவெட் தலைகள் எல்லாம் சேற்றில் புதைந்த கடுகுபோல் மறைந்து கிடந்தன. முன்பக்கத்து பஃபர் கட்டையில், அதாவது மோதலைத் தாங்கும் குறுக்குக் கட்டையில், ஒரு மூலை உடைந்திருந்தது. தண்டவாளத்தில் வைத்து 12 வோல்ட் கொடுத்தபோது முனகியது, சூடேறியது, ஆனால் ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

இப்படி ஒன்று கைக்கு வந்ததும் முதலில் பெயின்டைத்தான் தொடத் தோன்றும். நான் அந்த ஆசையை அடக்கிக்கொண்டதற்குக் காரணம் உண்டு. மோட்டாரையும் சக்கரங்களையும் சரிசெய்வதற்குள் உடற்பகுதியை இருபது முறையாவது கழற்றி மாட்ட வேண்டியிருக்கும். எண்ணெய்க் கையோடும் திருப்புளியோடும் புதுப்பூச்சை அத்தனை முறை தொட்டால் அது புதுப்பூச்சாக இருக்காது. அதற்கும் முன்பாகப் பார்த்துக்கொள்ள வேண்டியது வார்ப்பு உலோகத்தை. இவ்வகை மாதிரிகளின் உடல் பெரும்பாலும் துத்தநாகக் கலவையில் வார்க்கப்பட்டது. வார்க்கும்போது ஈயம் சிறிதளவு கலந்துவிட்டிருந்தால்கூட, ஆண்டுகள் போகப் போக உலோகம் உள்ளுக்குள் அரித்து, வீங்கி, மயிரிழை விரிசல்கள் விட்டுப் பொடிந்துபோகும். அதற்கு மருந்து கிடையாது. பூதக்கண்ணாடியை வைத்து முழுவதும் பார்த்தேன். நல்ல வேளையாக விரிசல் எதுவும் இல்லை.

மோட்டாரைத் திறந்தபோது, பழைய எண்ணெய் காய்ந்து பழுப்பு நிறப் பிசினாக அச்சுகளைப் பிடித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. சுருள்களுக்கு மின்சாரத்தை மாற்றி மாற்றி அனுப்பும் கம்யூடேட்டரின் மூன்று செம்புத் துண்டுகளுக்கு இடையிலிருந்த பள்ளங்களைக் கார்பன் தூள் அடைத்திருந்தது. மின்சாரம் சுருள்களுக்குள் போகாமல் குறுக்கே பாய்ந்ததற்கும் சூடேறியதற்கும் அதுவே காரணம். பல்குத்தும் குச்சியைச் சீவிப் பள்ளங்களைச் சுரண்டி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்து, அதில் உரசி மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ்கள் தேய்ந்துபோயிருந்ததால் அவற்றையும் மாற்றினேன். இதுவரை எல்லாம் சரியாகவே நடந்தது. ஆனால் சுத்தம் செய்வதற்காக உருவிய ஆர்மேச்சரை, அதாவது சுருள்கள் சுற்றிய சுழலும் பகுதியை, ஓர் இரவு முழுவதும் தட்டிலேயே விட்டுவிட்டேன். பழைய மோட்டார்களில் இருக்கும் அல்நிகோ (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த உலோகம்) காந்தத்துக்கு அதன் இரு முனைகளையும் இணைக்கும் இரும்பு இல்லாவிட்டால் வலு குறைந்துவிடும். ஆர்மேச்சரை எடுத்த கையோடு அந்த இடத்தில் ஓர் இரும்புத் துண்டைச் செருகியிருக்க வேண்டும். படித்துத் தெரிந்திருந்தும் மறந்தேன். மறுநாள் பூட்டியபோது மோட்டார் வெறுமனே சுற்றும்போது மிக வேகமாகச் சுற்றியது. விரலால் லேசாகத் தொட்டாலே நின்றது. வலுவிழந்த காந்தம் அப்படித்தான் ஏமாற்றும். கடைசியில் அந்தக் காந்தத்தை எடுத்துவிட்டு, சிறிய நியோடிமியக் காந்தங்கள் இரண்டையும் இடைவெளியை நிரப்ப இரும்புத் தகடுகளையும் வைத்தேன். முனகிக்கொண்டு 0.9 ஆம்பியர் இழுத்த மோட்டார் இப்போது 0.3-இல் அமைதியாக ஓடுகிறது. தவறு லாபத்தில் முடிந்ததைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேண்டாம் என்று பார்க்கிறேன்.

அடுத்தது சக்கரம். நடு அச்சில் ஒரு சக்கரம் தளர்ந்து சற்றே திரும்பியிருந்ததால், ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் சக்கரங்களைச் சேர்க்கும் இணைப்புத் தண்டு இறுகி, இன்ஜின் நொண்டியது. இடப்பக்கத்துச் சக்கரத்தில் அந்தத் தண்டு மாட்டும் ஊசி மேலே இருக்கும்போது வலப்பக்கத்து ஊசி கால் சுற்று தள்ளி நிற்க வேண்டும். அது மிகச் சரியாக 90 பாகையா என்பதைவிட, எல்லா அச்சுகளிலும் ஒரே கோணமா என்பதுதான் முக்கியம். நல்ல அச்சிலுள்ள சக்கரங்களின் ஆரக்கால்களோடு கண்ணால் ஒப்பிட்டு ஒட்டினேன். மூன்றாம் முயற்சியில்தான் நொண்டல் நின்றது.

பிறகுதான் பழைய பெயின்டை உரித்தேன். உடற்பகுதியை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் ஓர் இரவு ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்தேன். பழைய பூச்சில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் உலர்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்க்கவில்லை. எனாமல் தோல்போல் உரிந்து வர, அடியிலிருந்து தொழிற்சாலையில் அடித்த கரும்பச்சையும், ஓட்டுநர் அறையின் பக்கவாட்டில் முடிபோன்ற மெல்லிய மஞ்சள் கோடும் வெளிப்பட்டன. ஒவ்வொரு ரிவெட்டாக எழுந்து வந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். கறுப்பு அடிப்பதாக இருந்த திட்டத்தை அந்தக் கோடு மாற்றிவிட்டது.

உடைந்த மூலைக்குப் பித்தளைக் கம்பியை ஆணியாகச் செருகி, எப்பாக்சி பசையால் நிரப்பி, அரத்தால் வடிவம் கொடுத்தேன். துத்தநாகக் கலவை 400 பாகை செல்சியஸுக்குக் கீழேயே உருகத் தொடங்கிவிடும் என்பதால், சாதாரண ஈயப்பற்று வைப்பதை நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது. பின்னர் பாத்திரம் துலக்கும் சோப்பு நீரில் கழுவி, அதன்பின் வெறும் கையால் தொடாமல், ஏர்பிரஷில் சாம்பல் நிற பிரைமரை மெல்லியதாக இரண்டு தடவை அடித்தேன். பிரைமரின் வேலை ஒட்டுவது மட்டுமன்று. அது குறைகளைக் காட்டிக்கொடுக்கும். எப்பாக்சி ஓரத்தில் இருந்த பள்ளம் அப்போதுதான் கண்ணில் பட்டது. பச்சையில் சிறிது வெண்சாம்பல் கலந்தேன். அசலின் நிறத்தை அப்படியே சின்னப் பொருளில் அடித்தால் கண்ணுக்கு இருட்டாகத் தெரியும்.

கோடுகளுக்கும் எண்ணுக்கும் நீரில் நனைத்து ஒட்டும் டீகால்களைப் பயன்படுத்தினேன். அவற்றை ஒட்டுவதற்கு முன் பளபளப்பு வார்னிஷ் அடிப்பது அவசியம். சொரசொரப்பின் மேல் ஒட்டினால் அடியில் காற்று தங்கி வெள்ளி போல் மின்னும். எல்லாம் முடிந்து, பளபளப்பைக் குறைக்கும் மேட் வார்னிஷ் அடித்த நாள் மழைநாள் என்பதை நான் பொருட்படுத்தவில்லை. பத்து நிமிடத்தில் இன்ஜின் முழுவதும் வெண்படலம் பூத்தது. இரண்டு நாள் காயவிட்டு, வெயிலடித்த நாளில் மறுபடி பளபளப்பு வார்னிஷை மெல்லியதாக அடித்தபோது படலம் மறைந்தது; அதன்மேல் மேட் வார்னிஷை மீண்டும் அடித்தேன்.

ஓட்டுநர் அறையின் உட்புறத்தை மட்டும் உரிக்கவில்லை. எனாமல் பிரஷ் எட்டாத அந்த மூலையில் பழைய கரும்பச்சை அப்படியே இருக்கிறது. கூரையைக் கழற்றினால்தான் தெரியும். நேற்றிரவு தண்டவாளத்தில் வைத்து வோல்டேஜை மெல்ல ஏற்றினேன். மூன்று வோல்ட் தொடும்போது இணைப்புத் தண்டு அசைந்தது. ஒரு சுற்று முழுவதும் எங்கும் இறுகாமல் வந்தது. கரிப்பெட்டியின் கொக்கி இன்னும் கோணலாகத்தான் இருக்கிறது. அதை இந்த வாரம் பார்க்க வேண்டும்.