அந்தப் பெரிய கண்கள்

"ஏம்ப்பா, இதுங்களுக்கு மட்டும் கண்ணு இவ்ளோ பெரிசா இருக்கு?"

சாப்பாட்டுத் தட்டோடு ஜப்பான் கார்ட்டூனான அனிமே பார்த்துக்கொண்டிருந்த மகள் கேட்டாள்.

அந்தக் கண் அமெரிக்காவிலிருந்து ஜப்பானுக்குப் போனதும்மா.

ஜப்பானியக் கார்ட்டூன் கலைஞர் ஒசாமு தெசுகா சரியான டிஸ்னி பைத்தியம். டிஸ்னியின் 'பேம்பி' படத்தில் வரும் பெரிய கண் மான்குட்டியைத் திரும்பத் திரும்பப் பார்த்தவர். 1963இல் அவருடைய 'ஆஸ்ட்ரோ பாய்' கார்ட்டூன் தொடர் டிவிக்கு வந்தது. வாராவாரம் ஒரு எபிசோட்; டிஸ்னி மாதிரி வரைந்து தள்ளக் காசில்லை. அதனால் உடம்பு அப்படியே நிற்கும், வாயும் இமையும் மட்டும் அசையும்.

பஞ்சத்தில் பிறந்த அழகு என்பேன் நான்.

அதே வருஷம் அது அமெரிக்க டிவிக்கே போய்விட்டது!

ஜப்பானிய இயக்குநர் மியாசாகியின் அனிமே படம் 'ஸ்பிரிட்டட் அவே' 2003இல் ஆஸ்கார் வாங்கியது. அதன் ஆங்கில டப்பிங்கை முன்நின்று கவனித்தவர் பிக்சார் என்ற அமெரிக்க அனிமேஷன் ஸ்டூடியோவின் ஜான் லாசெட்டர். அமெரிக்காவில் வெளியிட்டது யார் என்கிறீர்கள்? டிஸ்னியேதான்.