ஒரே பாக்டீரியத்துக்குள் இரண்டு வைரஸ்கள்

நாகமலை அருகே மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் படித்த நாட்களில், அகர் என்னும் கூழ் பரப்பிய தட்டில் படர்ந்த பாக்டீரியப் பரப்பில், பாக்டீரியாவைத் தாக்கும் ஃபேஜ் வைரஸ்கள் அவற்றை அழித்து உண்டாக்கிய வட்டங்களை முதன்முதலாக எண்ணியபோது எழுந்த வியப்பு இன்றும் என்னை விட்டு நீங்கவில்லை.

இந்த வைரஸ்களிலும் மரபணு மறுசேர்க்கை, அதாவது இரு பெற்றோரின் மரபணுக்கள் கலந்து புதிய சேர்க்கை உருவாவது, நிகழ்வதன் முதல் தடயங்களை, 1946இல் ஆல்ஃபிரட் ஹெர்ஷி ஒருபுறமும், மாக்ஸ் டெல்புருக்கும் பெய்லியும் மறுபுறமும் தெரிவித்தனர். ஹெர்ஷியும் ராகேல் ராட்மனும் 1949இல் வெளியிட்ட ஆய்வே எனக்கு மிகவும் பிடித்தது.

அவர்கள் எடுத்த டி2 என்னும் ஃபேஜின் ஒரு வகை, சாதாரண ஈ. கோலை பாக்டீரியாவையும் டி2வை எதிர்க்கும் ஈ. கோலையையும் ஒருங்கே அழிக்கும். ஆதலால் இரண்டும் கலந்து வளரும் தட்டில் அதன் வட்டம் சிறிதாகவும் தெளிவாகவும் இருக்கும். மற்றொரு வகை செல்லை விரைவாக உடைத்தாலும், எதிர்ப்புள்ள பாக்டீரியாவை அழிக்காது. அதன் வட்டம் பெரிது, ஆனால் கலங்கலானது. இவ்விரண்டையும் ஒரே செல்லுக்குள் நுழையவிட்டு, வெளிவந்த சந்ததியைத் தட்டில் பரப்பியபோது, பெற்றோரின் வட்டங்களோடு பெரிய தெளிந்த வட்டங்களும் சிறிய கலங்கல் வட்டங்களும் தோன்றின. பண்புகள் இடம் மாறியிருந்தன! மரபணுவைக் கண்ணால் காணாமலே, வெறும் வட்டங்களை எண்ணி இதை அறிந்தார்கள் என்பதை நினைக்கும்தோறும் நெஞ்சம் நிறைகிறது.

விரைவாக உடைக்கும் வகைகள் பல இருந்தன. ஒன்றில் மறுசேர்க்கை ஏறத்தாழ 24% என்றால், வேறொன்றில் 2%க்கும் குறைவு. மரபணுக்கள் தள்ளி இருக்குமளவு மறுசேர்க்கை கூடும் என்பதால், அந்த வேறுபாட்டைத் தொலைவாகக் கொண்டே ஃபேஜின் மரபணு வரைபடம் உருவாயிற்று. 1955இல் சீமோர் பென்சர் இதே வழியில் ஒரு மரபணுவின் உட்பகுதியையே அளந்து காட்டினார்.