முழங்கால் தண்ணீர்

ஐப்பசி பிறந்து நாலு நாள் இருக்கும். விடிந்தும் விடியாத நேரம், புறவாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். எலுமிச்சைச் செடிக்கு அடியிலிருந்து இரண்டு சுரத்தில் ஒரு விசில். ஒரே தடவைதான். நான் திரும்புவதற்குள் அடுக்களையிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள்: “ஆறுமணிக்குருவி வந்துட்டு போல.”

காலையிலும் மாலையிலும் ஆறு மணியை ஒட்டிக் கூப்பிடும் என்பதால் அந்தப் பெயர். தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டேன். பத்தடி தூரம். மைனாவைவிடச் சிறியது, வால் இருக்கிறதா என்று தேட வேண்டும். முதுகு பச்சை, நெஞ்சு சந்தன நிறம், கண்ணோடு சேர்த்து ஒரு கருப்புப் பட்டை, தோளில் கொஞ்சம் நீலம், வாலடியில் குங்குமச் சிவப்பு. இரண்டு தத்து, ஒரு நிறுத்தம், அலகால் காய்ந்த இலையைப் புரட்டல், மறுபடி இரண்டு தத்து. பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடும் ஈரத்தில் ஒரு மண்புழுவைப் பிடித்து இழுத்தது. மத்திய இந்தியாவிலும் இமயமலை அடிவாரத்திலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்கு முன்னால் தென்னாட்டுக்கும் இலங்கைக்கும் இறங்கி வருகிற பறவை. இரவில்தான் பயணம். வந்த களைப்பில் வீடுகளுக்குள் புகுந்து சுவரில் மோதி விழுவதும் உண்டு. எங்கள் வீட்டில் மூன்று நாள் தங்கியது. நான்காம் நாள் விசில் இல்லை.

எனக்குப் பறவைப் பருவம் தொடங்குவது அந்த விசிலில்தான். நம் ஆட்கள் ஆண்டை ஆறாகப் பிரித்து ஐப்பசி, கார்த்திகையைக் கூதிர் என்றும், மார்கழி, தையை முன்பனி என்றும், மாசி, பங்குனியைப் பின்பனி என்றும் வைத்தார்கள். திருநெல்வேலிச் சீமையில் வலசைப் பறவைகளின் கணக்கும் ஏறக்குறைய அதே கணக்குதான்.

முன்பெல்லாம் இந்த மாதங்களில் ஊர் ஊராக ஓடுவேன். வேடந்தாங்கல், கோடியக்கரை என்று பஸ் ஏறிப் போய், இன்றைக்கு எத்தனை வகை என்று எண்ணிக்கொண்டு திரும்புவேன். இந்தத் தடவை வேறு மாதிரி செய்தேன். எங்கள் ஊர்க் குளத்துக்கே ஐந்து மாதமும் போவது, வாரம் இரண்டு காலையாவது கரையில் நிற்பது. ஒரு பைனாகுலர், ஒரு நோட்டு. அவ்வளவுதான்.

குளம் பெரிதில்லை. கரை ஒன்றரைக் கிலோமீட்டர், மூன்று மடை, நிறைந்த தண்ணீர் வழிந்தோட ஒரு மறுகால். நடுவில் கருவேலமரங்கள், கரையில் பனை. தாமிரபரணிக் கால்வாய்த் தண்ணீரும் மழைத் தண்ணீரும் சேர்ந்தால்தான் பெருகும். பெருகினால்தான் பிசானம் என்கிற நெல் போகம் விளையும்.

ஐப்பசியில் குளத்தில் தண்ணீர் என்று சொல்ல ஒன்றுமில்லை. நடுவில் பாய் விரித்த மாதிரி கொஞ்சம் கிடந்தது. பறவை வேண்டுமென்றால் தலைக்கு மேலேதான் பார்க்க வேண்டும். கரண்டுக் கம்பியில் தகைவிலான்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அவற்றோடு நீலவால் பஞ்சுருட்டான்கள். தும்பியைப் பறந்து பிடித்து, கம்பியில் வந்து உட்கார்ந்து, ரெண்டு தட்டுத் தட்டி விழுங்கும். முதல் மடைக்குப் பக்கத்து உடைமரத்தில் பழுப்புக் கீச்சான் ஒன்று வந்துவிட்டது. போன வருஷம் உட்கார்ந்த அதே கிளை. போன வருஷம் வந்த அதே பறவைதான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் பழகிய இடத்துக்கே திரும்பி வரும் குணம் கீச்சானுக்கு உண்டு என்பதால், அதுதான் என்றே வைத்துக்கொண்டேன்.

அன்றைக்குத்தான் மடை பார்க்கும் தாத்தாவிடம் பேச்சுக் கொடுத்தேன். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். தோளில் மண்வெட்டி.

“ஏய்யா, தெனமும் வந்து என்னத்தப் பாக்க?”

“வாத்து வந்திருக்கான்னு பாக்கேன் தாத்தா.”

“இப்ப எங்கெருந்து வரும்? குளம் பெருகணும். பெருகி வத்தணும். தண்ணி முழங்காலுக்கு வந்தாத்தான் அதுகளுக்குச் சோறு.”

நோட்டில் அதை எழுதிக்கொண்டேன். எழுதும்போது அதன் முழு அர்த்தம் எனக்குப் பிடிபடவில்லை.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கத்துக்கு வடகிழக்குப் பருவமழைதான் கதி. இரண்டு வாரத்தில் குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தது. ஊரே கரையில் நின்று வேடிக்கை பார்த்தது, நானும் பார்த்தேன். ஆனால் பறவை? நிறைகுளத்தில் நீர்க்காகம் முங்கி முங்கி எழுந்தது. மீசை ஆலாக்கள் நீர்ப்பரப்பைத் தொட்டுத் தொட்டு எதையோ கொத்திக்கொண்டு பறந்தன. கருவேலமர உச்சியில் ஒரு பாம்புத்தாரா சிறகு காயப்போட்டது. வேறொன்றும் இல்லை. தண்ணீர் நிறைந்தால் நீர்ப்பறவை நிறையும் என்று நினைத்திருந்தவனுக்கு அது பெரிய ஏமாற்றம்.

அப்புறம் யோசித்தால் விளங்குகிறது. ஆளுயரத் தண்ணீரில் நாரை எங்கே நிற்கும்? உள்ளான் எந்தச் சேற்றைக் குத்தும்? 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்தது. அந்த மார்கழியில் எங்கள் குளத்துக் கரை இரவோடு இரவாக உடைந்தது. தை பிறக்கும்போது குளத்தில் வெடித்த சேறு, வயலில் மணல். அந்த வருஷம் எங்களுக்குப் பிசானமும் இல்லை, வாத்தும் இல்லை. இரண்டையும் இணைத்துப் பார்க்க எனக்கு இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

மார்கழிதான் எனக்குப் பிடித்த மாதம். ஐந்து மணிக்குப் பெருமாள் கோயில் ஸ்பீக்கர் எழுப்பிவிடும். வாசலில் கோலமாவு வாடை. டீக்கடையில் ஒரு கிளாஸ் குடித்துவிட்டுக் கரை ஏறினால் பனி மூட்டத்தில் குளம் தெரியாது, சத்தம் மட்டும் வரும். சீழ்க்கைச்சிறகிகள் பெயருக்கு ஏற்ற மாதிரி விசிலடித்துக்கொண்டு தலைக்கு மேலே போகும். வெயில் ஏறி மூட்டம் விலகும்போது ஒவ்வொன்றாக உருவம் வரும்.

வடக்கேயிருந்து வந்த வாத்துகள் அப்படித்தான் ஒருநாள் தெரிந்தன. முந்தின வாரம் ஒன்றுமில்லை, இந்த வாரம் இருநூறுக்கு மேல். தண்ணீர் இரண்டடி இறங்கியிருந்தது. ஒரு மணி நேரம் பைனாகுலரைக் கீழே இறக்கவில்லை. ஊசிவால் வாத்துக்குக் கழுத்து நீளம். அது கொஞ்சம் ஆழத்தில் நின்று, தலைகீழாகக் கவிழ்ந்து, பின்பக்கத்தை வானத்துக்குக் காட்டிக்கொண்டு அடியில் மேய்கிறது. நீலச்சிறகி சின்னது, கழுத்தும் குட்டை. அது கரையோரப் புல்லுக்குள்ளேயே நிற்கிறது. நீர்க்காகத்துக்கு இரண்டும் வேண்டாம், மடைக்குழியின் ஆழம் போதும். குளத்தின் ஒவ்வொரு சாண் ஆழத்துக்கும் ஒரு பங்காளி, சண்டையே இல்லை.

தட்டைவாயன்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கரண்டி மாதிரி அகன்ற அலகு, ஆணுக்குக் கரும்பச்சைத் தலை. ஏழெட்டு சேர்ந்து ஒரே இடத்தில் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. செக்கு மாடு சுற்றுவது போல ஒன்றின் வால் பின்னால் இன்னொன்று, அலகைத் தண்ணீரில் அமிழ்த்தியபடி. சுற்றச் சுற்ற அடியில் கிடப்பதெல்லாம் சுழலில் மேலே வரும். அலகின் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி இருக்கும் அமைப்பு, தண்ணீரை வெளியே விட்டு இரையை மட்டும் நிறுத்திக்கொள்ளும். பத்து நிமிஷம் அந்த வட்டம் கலையவில்லை. கடைசியில் சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று தாழப் பறந்து வந்தது. குளம் முழுக்க ஒரே படபடப்பு, எல்லாம் எழுந்து ஒரு சுற்றுச் சுற்றி, பருந்து போனதும் பழைய இடத்திலேயே இறங்கின.

பொங்கலுக்கு மட்டும் என் கட்டுப்பாட்டைத் தளர்த்தி ஒருநாள் வெளியே போனேன். 2015 முதல் தமிழகத்துப் பறவை ஆர்வலர்கள் ஒவ்வொரு பொங்கலுக்கும் நான்கு நாள் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிஷம் நின்று, பார்த்ததை எல்லாம் எண்ணி, பறவைப் பதிவுகளுக்கான இ-பேர்ட் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். முதல் இரண்டு நாள் எங்கள் குளத்தை எண்ணினேன். மூன்றாம் நாள் மூலைக்கரைப்பட்டி வழியாகக் கூந்தன்குளத்துக்கு பைக்கை விட்டேன்.

கூந்தன்குளம் 1994-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, இப்போது ராம்சர் என்கிற உலக ஈரநிலப் பட்டியலிலும் இருக்கிறது. ஆனால் அந்த ஊர்க்காரர்கள் அறிவிப்புக்கு ரொம்பக் காலம் முன்பிருந்தே பறவைகளைப் பிள்ளை மாதிரி வைத்திருக்கிறார்கள். தீபாவளிக்கு வெடி கிடையாது. வீட்டு முற்றத்து வேம்பிலும் புளியிலும் சங்குவளை நாரை கூடு கட்டுகிறது. நான் போன அன்று ஒரு வீட்டு வாசலில் அக்கா ஒருவர் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு நேர் மேலே ஒரு நாரை சுள்ளியைக் கவ்வி வந்து ஜோடியிடம் கொடுத்தது. ஜோடி அதை வாங்கி, ஒரு பக்கம் செருகி, பிடிக்காமல் பிடுங்கி, இன்னொரு பக்கம் செருகியது. “முத்தம் பூரா எச்சமாத்தான் இருக்கும். அதுக்காக வெரட்ட முடியுமா, பிள்ளை பெக்க வந்திருக்கு” என்றார் அக்கா.

நான் தேடிப் போனது பட்டைத்தலை வாத்துகளை. குளத்தின் மறுபக்கத்தில் நாற்பத்தி இரண்டு எண்ணினேன். வெள்ளைத் தலையில் பின்பக்கமாக இரண்டு கருப்புக் கோடு. மங்கோலியாவிலும் திபெத் பீடபூமியிலும் பிறந்து, இமயமலையைக் கடந்து வருபவை. முதுகில் செயற்கைக்கோள் கருவி பொருத்திப் பார்த்ததில் 7,000 மீட்டருக்கு மேலேகூடப் பறந்திருக்கின்றன. அந்த உயரத்தில் காற்றில் கிடைக்கும் கொஞ்ச ஆக்சிஜனையும் இறுக்கிப் பிடிக்கிற ரத்தம் அவற்றுக்கு. அப்படிப்பட்ட பறவை நாங்குநேரித் தாலுகாக் குளத்தில் ஒற்றைக்காலில் தூங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அந்த நேரத்தில் காரில் வந்த நாலைந்து பேர் ட்ரோனைப் பறக்க விட்டார்கள். வாத்துகள் மொத்தமாக எழுந்து தெற்கே போய்விட்டன. நான் போய், “அண்ணே, தயவு செய்து இறக்கிருங்க, ராத்திரி பூரா வயக்காட்டுல மேஞ்சுட்டு வந்து இப்பத்தான் தூங்குது” என்றேன். இறக்கினார்கள். ஆனால் அன்று மாலை வரை காத்திருந்தும் வாத்துகள் திரும்பவில்லை. எனக்கு ஆறவே இல்லை.

ஊருக்குத் திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. எங்கள் குளத்தங்கரைக்கு வந்தபோது மேற்கே புகை மாதிரி ஒன்று எழுந்தது. சூறைக்குருவிகள். மத்திய ஆசியப் புல்வெளிகளில் வெட்டுக்கிளி தின்று வளர்ந்து, இங்கே சோளத்துக்கும் பூச்சிக்கும் வருகிறவை. ஆயிரக்கணக்கில் இருக்கும், எண்ண முடியவில்லை. சுருள்கின்றன, விரிகின்றன, ஒரு முனை இருட்டாகி மறுமுனை கலைகிறது. தலைக்கு மேலே திரும்பும்போது சிறகுச் சத்தம் மழை வருகிற இரைச்சல் போல இருந்தது. திடீரென்று எல்லாம் சேர்ந்து சீமைக்கருவேலங்காட்டுக்குள் விழுந்தன. காடு முழுக்கக் கலகலப்பு. இருட்டும் வரை அடங்கவில்லை. கூந்தன்குளத்தில் பட்ட வருத்தத்தோடு வந்தவனுக்கு அது போதுமாக இருந்தது.

மாசியில் பிசானம் அறுவடை. கடைசித் தண்ணீரும் வயலுக்குப் போய், குளம் நாளுக்கு நாள் சுருங்கியது. வடக்கத்தி வாத்துகளில் பாதி கிளம்பிவிட்டன. மீதியிருந்த ஆண் நீலச்சிறகிகளுக்குக் கண்ணுக்கு மேலே வெள்ளைப் புருவம் பளிச்சென்று வந்துவிட்டது. ஊருக்குத் திரும்பும் முன்னால் கல்யாணக்களை. விளிம்புச் சேற்றில் பொரி உள்ளான்கள் வாலை ஆட்டிக்கொண்டு ஓடின, அதற்கு உள்ளே நெடுங்கால் உள்ளான்கள், அதற்கும் உள்ளே அரிவாள் மூக்கன்கள். அறுத்த வயலில் கிடைபோட்ட ஆடுகளுக்கு நடுவே உண்ணிக்கொக்குகள்.

மாசி கடைசி ஞாயிற்றுக்கிழமை நாரைகள் வந்திருந்தன. அறுபது, எழுபது சங்குவளை நாரைகள். மஞ்சள் அலகைப் பாதி திறந்து தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டியபடி நடக்கின்றன. ஒரு காலால் சேற்றைக் கிளறுகின்றன. மீன் அலகில் பட்டதும் டக்கென்று மூடுகிறது. கண்ணால் பார்த்துப் பிடிப்பதில்லை, தொட்டுப் பிடிப்பதுதான். தொண்டை நிறைந்ததும் ஒன்றிரண்டு எழுந்து தெற்கே பறந்தன. கூந்தன்குளத்துப் புளியமரத்துக் கூட்டில் இந்நேரம் குஞ்சு இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மடை பார்க்கும் தாத்தா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குளத்துக்குள் இறங்கினார். நடுமடையை அடைத்திருந்த பாசியை வாரி வாரி வெளியே போட்டார். தண்ணீர் அவருக்குச் சரியாக முழங்காலில் நின்றது. நாரைகள் இருபதடி தள்ளி மேய்ந்துகொண்டே இருந்தன, ஒன்றுகூடத் தலை நிமிரவில்லை. நானும் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலைத் தண்ணீரில் வைத்தேன். முன்வரிசையில் இருந்த நாலு நாரைகள் கழுத்தை நீட்டின.

“நீ அங்ஙனயே நில்லு” என்றார் தாத்தா, திரும்பிப் பார்க்காமல்.

காலை எடுத்துக்கொண்டேன். நாரைகள் மறுபடி அலகை இறக்கின.