இரட்டிப்பாக்கினால் எதிர்மாறும் தூண்டல்

மருந்தின் அளவை மில்லிகிராமில் சொல்லி முடித்துவிடலாம். தலைமேல் கம்பிச்சுருளை வைத்து, காந்தத் துடிப்பால் மூளையைத் தூண்டும் டி.எம்.எஸ். முறையில் அது முடியாது. 1985-இல் ஷெஃபீல்டில் ஆந்தனி பார்க்கர் குழுவினர் இம்முறையால், உடலசைவைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதியான இயக்கப் புறணியைத் தூண்டிக் கைத்தசையை அசையவைத்தனர். தளர்ந்த கைத்தசையில் பத்துக்கு ஐந்து முறையாவது 50 மைக்ரோவோல்ட் மின்பதிலை எழுப்பும் மிகக் குறைந்த வலிமையே ஒருவரின் ‘இயக்க வாசல்’ என்பது இன்று பரவலாகக் கொள்ளப்படும் வரையறை; தூண்டலின் வலிமை பெரும்பாலும் அதன் விழுக்காடாகவே குறிக்கப்படுகிறது.

வலிமை ஒன்றே விளைவைத் தீர்மானிப்பதில்லை என்பதை 2005-இல் லண்டனில் ஹுவாங், ராத்வெல் முதலியோர் வெளியிட்ட ‘தீட்டா பர்ஸ்ட்’ ஆய்வு தெளிவாகக் காட்டியது. 50 ஹெர்ட்ஸ் வேகத்தில் மும்மூன்று துடிப்புகள், விநாடிக்கு ஐந்து முறை, என்ற அமைப்பில் 600 துடிப்புகளை 40 விநாடிகளில் இடைவிடாமல் கொடுத்தபோது இயக்கப் புறணியின் கிளர்வு (தூண்டலுக்கு எளிதில் பதிலளிக்கும் தன்மை) ஏறத்தாழ ஒரு மணி நேரம் தணிந்திருந்தது; அதே வலிமையில் அதே 600 துடிப்புகளை இரண்டு விநாடித் தூண்டலும் எட்டு விநாடி ஓய்வுமாகப் பிரித்துக் கொடுத்தபோது கிளர்வு கூடியது. நரம்பிணைப்புகளில் வேதிச் செய்தியைப் பெறும் என்.எம்.டி.ஏ. ஏற்பிகளை அடைக்கும் மெமன்டின் மருந்து இவ்விரு விளைவுகளையும் தடுத்துவிடுவதால், அவ்வேற்பிகளுக்கு இதில் பங்குண்டு எனலாம்.

அப்படியானால் துடிப்புகளை இரட்டிப்பாக்கினால் விளைவும் கூடுமா? 2010-இல் கம்போவா குழுவினர் 1200 துடிப்புகள் கொடுத்துப் பார்த்தபோது, கிளர்வைக் கூட்டவேண்டிய முறை அதைத் தணித்தது. தணிக்கவேண்டிய முறை கூட்டியது. இத்துறையில் நான் படித்தவற்றுள் மிகவும் பயனுள்ள முடிவு இதுவே. ஓர் எல்லையைத் தாண்டியதும் நரம்பிணைப்புகள் தம் நிலையைத் தாமே சமன்செய்ய முற்படுகின்றன என்ற விளக்கம் எனக்கு ஏற்புடையதாகவே இருக்கிறது.

மனச்சோர்வுச் சிகிச்சைக்கு 2018-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மூன்று நிமிட முறையும் இதே 600 துடிப்புகளைக் கொண்டதுதான். ஆனால் அது நெற்றிப்பகுதிப் புறணியில், இயக்க வாசலின் 120 விழுக்காட்டில் தரப்படுகிறது. லண்டன் ஆய்விலோ, தசையை லேசாக இறுக்கிய நிலையில் அளந்த வாசலின் 80 விழுக்காடே பயன்பட்டது. ஆகவே கைத்தசையில் கண்ட விளைவை அங்கே அப்படியே பொருத்துவது அவசரம் என்பேன்.

போதாக்குறைக்கு, 2013-இல் ஹமாடா குழுவினர் ஐம்பதுக்கும் மேற்பட்டோரிடம் சோதித்தபோது சராசரியில் விளைவே தென்படவில்லை. ஒருவரிடம், நரம்பணுக்களுக்கிடையே செய்தி கடத்தும் எந்த இடைநரம்பணுக்கள் எளிதில் தூண்டப்படுகின்றன என்பதைப் பொறுத்து விளைவு திசைமாறியது. தூண்டலின்போது தசையை லேசாக இறுக்கினாலே பலன் மறைந்துவிடும் என்பதும் அறியப்பட்டதே. அதனால் இத்தகைய ஆய்வறிக்கை கையில் வந்தால், துடிப்பு எண்ணிக்கைக்கு முன்பாக, பங்கேற்றவர்களின் கை தளர்ந்திருந்ததா என்ற குறிப்பையே நான் தேடுகிறேன்.