தூணைப் பார்க்க 28 பவுண்டு

2023 ஜூலையில் நானும் என் கணவரும் அறுபத்தெட்டு வயதான என் மாமியாரும் ஐந்து நாள் லண்டனுக்குப் போயிருந்தோம். விமானச் சீட்டுக்கும் தங்கும் அறைக்கும் முன்பே பணம் கட்டிவிட்டதால், அங்கே போய்ச் செலவழிக்க வேண்டியவை சாப்பாடு, போக்குவரத்து, நாடகம் ஆகிய மூன்று இனங்கள் மட்டுமே. திருச்சியில் ஒரு கல்லூரியில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கணக்கியல் கற்பிப்பவள் என்ற மிடுக்கில், நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி, சாப்பாட்டுக்கு 225, போக்குவரத்துக்கு 120, நாடகத்துக்கு 105, ஆக மொத்தம் 450 பவுண்டு என்று சிவப்பு மையில் அடிக்கோடிட்டு எழுதினேன். அன்றைய மாற்று விகிதத்தில் அது ஏறக்குறைய 47,000 ரூபாய் என்பதையும் பக்கத்திலேயே எழுதி வைத்தது நான் செய்த முதல் தவறு. ஏனென்றால் அந்த எண்ணைப் பார்த்த நொடியிலிருந்து என் கணவர் ஒவ்வொரு காப்பியையும் ரூபாயில் பெருக்கிப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

போக்குவரத்துக் கணக்கைப் பற்றி எனக்குப் பெருமை அதிகம். ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து லண்டன் பாடிங்டன் நிலையத்துக்குப் பதினைந்து நிமிடங்களில் போகும் விரைவு ரயிலுக்கு, அப்போது பயண நாளன்றே நேரில் வாங்கினால் ஒருவருக்கு 25 பவுண்டு; பிக்காடில்லி சுரங்கப் பாதை ரயிலில் நகர மையத்துக்கு 5 பவுண்டு 60 பென்ஸ். பின்னதில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும் என்று கணவர் சொன்னதற்கு, அந்த முக்கால் மணி நேரத்துக்கு மூன்று பேருக்குமாக 58 பவுண்டுக்கு மேல் கொடுக்கும் அளவுக்கு நமக்கு அங்கே யாரும் காத்திருக்கவில்லை என்று பதில் சொன்னேன். நகருக்குள் பேருந்து மட்டுமே. அப்போது ஒரு பயணத்துக்கு 1 பவுண்டு 75 பென்ஸ். ஒரு நாளில் எத்தனை பேருந்து ஏறினாலும் 5 பவுண்டு 25 பென்ஸுக்கு மேல் பிடிக்க மாட்டார்கள் என்பது அன்றைய கணக்கு. விமான நிலையம் போய்வர 33.60, ஐந்து நாள் பேருந்துக்கு 78.75, ஆக 112.35 போக 7 பவுண்டு 65 பென்ஸ் மிச்சம்.

அந்த மிச்சம் விமான நிலையத்தைத் தாண்டவில்லை. கட்டணம் பிடிக்க ஆளுக்கொரு அட்டை வேண்டும், ஓர் அட்டையில் இருவர் போக முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அத்தையிடம் வங்கி அட்டை இல்லை என்பதை மறந்திருந்தேன். அவருக்காக வாங்கிய, ஆய்ஸ்டர் என்ற பயண அட்டையின் விலை, அதில் நிரப்பும் பணம் நீங்கலாக, 7 பவுண்டு. நோட்டில் 65 பென்ஸ் மட்டும் நின்றது.

லண்டன் பேருந்துகளில் ஹாப்பர் என்றொரு சலுகை இருக்கிறது. முதல் பேருந்தில் அட்டையைத் தொட்டதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பேருந்து மாறி ஏறினாலும் கூடுதல் கட்டணம் இல்லை. இதை அத்தையிடம் விளக்கியது நான் செய்த இரண்டாவது தவறு. அதற்குப் பிறகு ஐந்து நாளும் அவர் பார்வை ஊரின் மீது பதியவே இல்லை. கைக்கடிகாரத்தின் மீதே இருந்தது. டிரஃபால்கர் சதுக்கத்தில் இறங்கி அந்தப் பெரிய சிங்கங்களின் பக்கம் நான் நடக்கத் தொடங்கியபோது, "சிங்கம் எங்கேயும் போயிடாதும்மா, இன்னும் ஒன்பது நிமிஷம்தான் இருக்கு, அந்தச் சிவப்பு பஸ்ல ஏறு" என்றார். லண்டனில் எல்லாப் பேருந்தும் சிவப்புதான். இலவசம் என்ற ஒரே காரணத்துக்காக ஏறிய அந்தப் பேருந்து எங்களை ஆற்றைக் கடந்து தென்கரைக்குக் கொண்டுபோய்விட்டது. திரும்பி வருவதற்குள் ஒரு மணி நேரம் முடிந்து, மறுபடியும் மூன்று 1.75 பிடிக்கப்பட்டது.

என் கணவரின் பங்களிப்பு வேறு விதமானது. காலையில் கைப்பேசியைத் தொட்டு ஏறுவார், பிற்பகலில் பேட்டரி தீர்ந்ததும் பணப்பையிலிருந்து அட்டையை எடுத்துத் தொடுவார். இரண்டும் ஒரே வங்கிக் கணக்குதான், ஆனால் அந்த ஊர்க் கருவிக்குக் கைப்பேசி ஓர் ஆள், அட்டை இன்னோர் ஆள். ஆகவே நாளொன்றுக்கான உச்சவரம்பு இரண்டுக்கும் தனித்தனியே ஓடி, 5.25 ஆக வேண்டியது 8.75 ஆகியிருந்தது. "என்னங்க, உங்களுக்கு மட்டும் ஒன்றரை ஆள் கட்டணம் வந்திருக்கு" என்று காட்டியபோது, அன்று மதியம் தான் ஒரு சமோசா கூடச் சாப்பிடவில்லை என்று சம்பந்தமே இல்லாமல் தற்காத்துக்கொண்டார்.

சாப்பாட்டுக் கணக்கில் நான் கற்றுக்கொண்டது வரிச் சட்டம். சிற்றுண்டிக் கடைகளில் ரொட்டியையும் பழத்தையும் எடுத்துக்கொண்டு போனால், இங்கேயே சாப்பிடுகிறீர்களா, எடுத்துப் போகிறீர்களா என்று கேட்பார்கள். அது உபசாரக் கேள்வி அன்று. சூடில்லாத உணவை எடுத்துப் போனால் பெரும்பாலும் மதிப்புக் கூட்டு வரி கிடையாது. அங்கேயே உட்கார்ந்தால் இருபது விழுக்காடு வரி உண்டு. நாற்காலிக்கு வரி கட்டுவதா என்று நான் பிடிவாதமாக எடுத்துக்கொண்டு வெளியே வந்த மூன்று முறையும் மழை பெய்தது. பூங்காப் பெஞ்சில் குடைக்கு அடியில் மூவரும் நெருங்கி உட்கார்ந்து குளிர்ந்த சீஸ் ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தபோது, கண்ணாடிக்கு உள்ளே வரி கட்டியவர்கள் கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு நிதானமாகச் சாப்பிடுவதை அத்தை நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

உட்கார்ந்து சாப்பிட்ட ஒரே பெரிய உணவகத்தில், பரிசாரகர் தண்ணீர் சாதாரணமா, வாயு கலந்ததா என்று கேட்க, சாதாரணம் என்று கணவர் கம்பீரமாகச் சொன்னார். வந்தது நாலரை பவுண்டுப் புட்டி. மது விற்க உரிமம் பெற்ற உணவகங்கள் கேட்பவர்களுக்குக் குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். ஆனால் குழாய்த் தண்ணீர் என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும், கேட்பதற்குக் கூச்சப்படக் கூடாது. பில்லின் அடியில் பன்னிரண்டரை விழுக்காடு சேவைக் கட்டணம், விருப்பத்தின் பேரில், என்று அச்சாகியிருந்தது. எங்கள் மூவரில் யாருக்கும் விருப்பம் இல்லை. மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு முழுவதையும் கட்டிவிட்டு வந்தோம். மற்ற இரவுகளைக் காப்பாற்றியது அறையிலிருந்த மின்கெண்டிதான்: வெந்நீரில் நனைத்த அவலும் அத்தை கொண்டுவந்த புளிக்காய்ச்சலும். ஒரு நாள் தமிழர் உணவகங்கள் உள்ள ஈஸ்ட் ஹாம் பகுதிக்குப் போய்ச் சாம்பார், ரசம், மோருடன் சாப்பிட்டோம். அன்றைய கணக்கு மட்டும் இம்மி பிசகாமல் திட்டத்துக்குள் நின்றது.

இனி நாடகம். லெஸ்டர் சதுக்கத்தின் தென்புறத்தில் டி.கே.டி.எஸ் என்ற, சீட்டு விற்கும் சிறிய கூண்டு இருக்கிறது. லண்டனின் நாடகப் பகுதியான வெஸ்ட் எண்டின் அரங்குகளில் விற்காமல் நிற்கும் இருக்கைகளை அங்கே விலை குறைத்துத் தருகிறார்கள். ஓர் இசை நாடகத்துக்கு மேல்மாடத்தில் தலைக்கு 28 பவுண்டு என்றதும் எனக்குக் கையும் காலும் ஓடவில்லை. பார்வை சற்று மறைக்கப்படும் என்று சீட்டு விற்ற பெண் இரண்டு முறை எச்சரித்தாள். சற்று என்பதை நான் கணக்கில் கொள்ளவில்லை. பழைய அரங்குகளின் மாடங்களை இரும்புத் தூண்கள் தாங்கி நிற்கும். அவற்றுள் ஒன்று என் கணவரின் இருக்கைக்கு நேர் முன்னே நின்றது. அவர் இடப்பக்கம் சாய்ந்தால் கதாநாயகியும், வலப்பக்கம் சாய்ந்தால் கதாநாயகனும் தெரிந்தார்கள். இருவரும் நடுமேடையில் சேர்ந்த காதல் காட்சி முழுவதும் அவருக்குத் தூண்தான். முன் இருக்கையின் முதுகில் ஒரு பவுண்டு நாணயம் போட்டால் விடுபடும் தொலைநோக்கி பொருத்தியிருந்தார்கள். என்ன நம்பிக்கையிலோ ஒரு பவுண்டைப் போட்டு அதை எடுத்துக் கண்ணில் வைத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "பெயிண்ட் நல்லா அடிச்சிருக்கான்" என்றார்.

இடைவேளையில் விற்ற சிறிய ஐஸ்கிரீம் கிண்ணம் ஒன்று நாலரை பவுண்டு. ஒன்று வாங்கி மூவரும் பகிர்ந்துகொண்டோம். அதை நாடகத்தில் எழுதுவதா, சாப்பாட்டில் எழுதுவதா என்று அன்றிரவு எனக்குக் குழப்பம். எதில் எழுதினாலும் எங்கள் பணம்தான் என்று கணவர் விளக்கை அணைத்தார்.

நான்காம் நாள் மாலை, தேம்ஸ் தென்கரையில் உள்ள ஷேக்ஸ்பியரின் குளோப் அரங்குக்குப் போனோம். 1599இல் கட்டிய பழைய அரங்கு 1613இல் நாடகத்தின் நடுவே சுட்ட பீரங்கியால் கூரையில் தீப்பிடித்து எரிந்துபோனது. இப்போதிருப்பது அதன் சாயலில் எழுப்பி 1997இல் திறந்தது. 1666 பெருந்தீக்குப் பிறகு லண்டனில் வேய்வதற்கு அனுமதி பெற்ற முதல் நாணல் கூரை இதற்குத்தான் என்பார்கள். அக்காலத்தில் ஒரு பென்னி கொடுத்து முற்றத்தில் நின்று பார்த்தார்கள். எங்களுக்கு நிற்க ஐந்து பவுண்டு. முற்றத்தின் மேலே அந்தக் கூரையும் கிடையாது, வானம்தான். நாடகம் நடக்கும்போது தரையில் உட்காரக் கூடாது, குடை விரிக்கக் கூடாது. வயதானவரை மூன்று மணி நேரம் நிற்க வைக்கப் போகிறாயா என்று கணவர் வழியெல்லாம் என்னைக் கேட்டுக்கொண்டே வந்தார். அத்தைக்கு மட்டும் உட்காரும் இடம் வாங்கிவிடலாம் என்று நானும் இறங்கி வந்தேன்.

அத்தை ஒப்புக்கொள்ளவில்லை. கோயில் திருவிழாவில் விடிய விடிய நாடகம் பார்த்து வளர்ந்தவர் அவர். முன்வரிசை பிடிக்கும் கலை எங்கள் இருவரையும்விட அவருக்கே தெரியும். கதவு திறப்பதற்கு அரை மணி முன்பே வரிசையில் நின்று, திறந்ததும் புடவைக் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று போய், மேடையின் விளிம்பில் இரண்டு முழங்கைகளையும் ஊன்றி இடம்பிடித்துவிட்டார். சாய்ந்துகொள்ள அதைவிட நல்ல இடம் அந்த முற்றத்தில் இல்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவருக்குப் பின்னால் இரண்டு வரிசை ஆட்கள் நின்றிருந்தார்கள்.

இரண்டாம் அங்கத்தில் மழை பிடித்துக்கொண்டது. இடைவேளையில் வாங்கிய மூன்று மழை அங்கிகளின் விலை ஏறக்குறைய மூன்று நுழைவுச்சீட்டுகளின் விலையைத் தொட்டது. அதையும் எந்த இனத்தில் எழுதுவது என்று நான் நனைந்துகொண்டே யோசித்துக்கொண்டிருந்தபோது, மொழியே புரியாத அத்தை, தன் மூக்குக்கு நேரே ஓர் அரசன் வாளால் குத்துப்பட்டு விழுந்ததைப் பார்த்து, "ஐயையோ, அவன் நல்லவனாச்சே" என்று உரக்கச் சொல்லிவிட்டார். விழுந்து கிடந்தவரின் உதடு இலேசாகத் துடித்ததை நான் பார்த்தேன்.

கடைசி நாள் மாலைக்கு, ஆற்றங்கரையிலுள்ள ராட்டினத்தில் ஏறி ஊரைப் பார்ப்பதாக இருந்தது. அதற்குத் தலைக்கு எவ்வளவு என்று அத்தை கேட்டார், சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, நேற்று நின்ற இடத்துக்கே இன்றைக்கும் போனால் என்ன என்றார். நோட்டில் 15 பவுண்டு எழுதினேன். மழை அங்கிக்குச் செலவில்லை. மூன்றும் குளியலறைக் கம்பியில் சொட்டிக்கொண்டிருந்தன.