மழைக்காலத்தில் ஹெர்பேரியம்: மூன்றாவது கட்டு தேறியது, காரணம் அட்டையின் நெளி

இயற்கைக் கல்வி மையத்தின் உலர்தாவரத் தொகுப்புக்காகப் போட்ட மூன்றாவது கட்டை (செடிகளை அட்டைக்கும் தாளுக்கும் நடுவே அமுக்கிக் காயவைக்கும் பிரஸ்) நேற்றுப் பிரித்தோம். 22 மாதிரிகளில் 19 சுத்தம். அலையாத்தி மரமான வெண்கண்டலின் இலை கருக்கவில்லை. கடற்கரை மணலில் படரும் அடப்பங்கொடிப் பூவின் ஊதா பாதிக்கு மேல் நிற்கிறது. பூஞ்சணம் ஒரு தாளில்கூட இல்லை. மரக்காணம் கடலோரத்தில், ஐப்பசி அடைமழையில், கொடியில் போட்ட துணியே மூன்று நாள் ஈரமாகக் கிடந்த வாரத்தில் இது நடந்தது. முதல் இரண்டு கட்டும் கெட்டதற்கு ஒற்றுத்தாள்தான் காரணம் என்று நினைத்திருந்தோம். இல்லை, முதல் கட்டில் நெளி அட்டையை வெட்டிய திசை தவறு, இரண்டாவதில் நெளியே நசுங்கிவிட்டது.

பிரஸ் கட்டுவது, செடியை விரித்து வைப்பது எல்லாம் இங்கே எல்லோரும் செய்வதுதான். அடுக்கும் வழக்கமான அடுக்கே: நெளி அட்டை, ஒற்றுத்தாள், செடி உள்ள மடிப்புத்தாள், ஒற்றுத்தாள், மறுபடி நெளி அட்டை. அட்டையின் ஓரத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தால் இரண்டு தாளுக்கு நடுவே சின்னச் சின்னக் குழாய்கள் வரிசையாகத் தெரியும். செடியின் ஈரம் ஒற்றுத்தாளுக்கு ஏறி, அங்கிருந்து அந்தக் குழாய் வழியாகத்தான் வெளியே போகவேண்டும். நம் பிரஸ் 45 × 30 செ.மீ. குழாய்கள் 30 செ.மீ. பக்கமாக ஓடவேண்டும், எல்லா அட்டையிலும் ஒரே திசையில். மளிகைக்கடை அட்டைப்பெட்டியின் பக்கச்சுவரில் நெளி மேலிருந்து கீழாக ஓடும். பெட்டியைப் பிரித்து, அளவு மட்டும் பார்த்து வெட்டினால் பாதி அட்டையில் நெடுக்கும் பாதியில் குறுக்குமாக வந்துவிடும். எங்கள் முதல் கட்டில் 26 அட்டை, அதில் 11 திசை மாறியவை. பிரித்துப் பார்த்தபோது பூஞ்சணம் பிடித்த செடிகளில் பெரும்பாலானவை அந்தப் பதினொன்றை ஒட்டித்தான் இருந்தன.

இரண்டாம் கட்டில் திசையைச் சரிசெய்தும் கெட்டது, அது இறுக்கத்தால். முழங்காலை வைத்து அமுக்கி பெல்ட்டை இழுத்ததில் மூன்றடுக்கு அட்டையின் நெளி நசுங்கித் தட்டையாகிவிட்டது. குழாய் இருந்த இடத்தில் குழாயே இல்லை. இப்போது ஆப்பிள் பெட்டியின் ஐந்தடுக்கு அட்டை மட்டும்தான் பயன்படுத்துகிறோம். பழக்கடையில் கேட்டாலே கொடுத்துவிடுகிறார்கள். அதிலும் ஒட்டுநாடா ஒட்டிய இடத்தையும் மடிப்பு விழுந்த இடத்தையும் தவிர்த்து வெட்டுங்கள், மடிப்பில் குழாய் அடைபட்டிருக்கும். கட்டு இறுகியதும் ஒரு சோதனை: ஒரு பக்க ஓரத்தில் ஊதுபத்தியைக் காட்டி மெல்ல ஊதினால் எதிர்ப்பக்கத்தில் புகை வரவேண்டும். வராத அட்டையை எடுத்துவிடுங்கள். இறுக்கம் குறைவாக இருக்கிறதே, இலை சுருங்காதா என்றால் சுருங்கும். அதனால் முதல் நாள் மிதமாகக் கட்டி, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை தளர்ந்த பெல்ட்டை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொள்ளவேண்டும். ஈரம் போகப் போகக் கட்டே தணியும்.

அடுத்தது காற்று. தை, மாசியில் கட்டை நிறுத்தி வைத்து எதிரே மேசை விசிறி போட்டால் மூன்று நாளில் காய்ந்துவிடும். மழைக்காலத்தில் விசிறி ஈரக்காற்றைத்தான் உள்ளே அனுப்பும், நான்காம் நாள் வெள்ளைப் பூஞ்சணம் வந்து நிற்கும். இந்த முறை பிளைவுட்டில் மேலும் கீழும் திறந்த ஒரு பெட்டி செய்து, செங்கல் மேல் தூக்கி வைத்து, அடியில் இரண்டு 60 வாட் குண்டு பல்பு போட்டோம். கட்டைப் படுக்க வைக்கக்கூடாது. 45 செ.மீ. ஓரத்தில் நிமிர்த்தி வைக்கவேண்டும், அப்போது குழாய்கள் செங்குத்தாக நிற்கும். சூடான காற்று தானே மேலே ஏறும், புகைபோக்கி மாதிரி. கட்டுக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவே இடைவெளி விட்டால் காற்று அந்த வழியே ஓடிவிடும், செடிக்குள் போகாது. பழைய துணியைச் சுருட்டி நாலு பக்கமும் அடைத்தோம். பல்புக்கும் கட்டுக்கும் 30 செ.மீ. இடைவெளி, நடுவே ஒரு கம்பிவலை. தாள் நழுவி பல்பின் மேல் விழுந்தால் தீப்பிடிக்கும், ஆகவே ஆள் இல்லாத நேரத்தில் பல்பு எரியக்கூடாது, இரவில் அணைத்துவிடுகிறோம். வெப்பமானி 40 முதல் 45 டிகிரி காட்டினால் போதும். அதற்கு மேல் போனால் இலை பழுப்பேறி, தொட்டால் நொறுங்கும். சூட்டைக் கூட்டினால் சீக்கிரம் காயும் என்ற ஆசையே வேண்டாம். காற்று ஓடினால் 40 டிகிரி தாராளம்.

எல்.இ.டி. பல்பில் இதற்கு வேண்டிய சூடு வராது. குண்டு பல்பு மின்சாதனக் கடையில் கிடைப்பது அரிதாகிவிட்டது. கோழிக்குஞ்சு வளர்ப்புக்குச் சாமான் விற்கும் கடையில் கேளுங்கள், குஞ்சுக்குச் சூடு கொடுக்க இன்னும் வாங்குகிறார்கள்.

இப்போது உப்புநிலச் செடிகள். உமரி, வெண்கண்டல் இரண்டும் காய்ந்த பிறகும் மறுபடி ஈரமாகும், ஏனென்றால் உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். வெண்கண்டல் தன் இலை வழியாகவே உப்பைக் கக்குகிற மரம். வெயில் நேரத்தில் இலையைத் திருப்பிப் பார்த்தால் பொடிப்பொடியாக மின்னும், நாக்கில் வைத்தால் கரிக்கும். பிரஸ்ஸில் வைக்கும் முன் நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, துண்டால் ஒற்றி எடுத்து, நிழலில் கால் மணி நேரம் விட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். இலை கருப்பது வேறு விஷயம். மெதுவாகக் காயும்போது இலைக்குள் நடக்கும் வேதிமாற்றம் அது, வேகமாகக் காய்ந்தால் அதற்கு நேரம் கிடைக்காது. முதல் கட்டில் கரிபோல வந்த அதே மரத்தின் கிளை இந்த முறை சாம்பல் பச்சையாக வந்திருப்பதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷம். கிளை, மையத்தின் பின்புறம் கழியோரம் நட்டு வளர்த்த மரத்தில் கவாத்தின்போது கிடைத்தது. பக்கத்திலிருக்கும் கழுவேலி ஈரநிலம் 2021 டிசம்பர் முதல் பறவைகள் சரணாலயம், அதற்குள்ளிருந்து ஒரு இலைகூட எடுக்கக்கூடாது. வெளியேயும் உரிமையாளர் அனுமதி வேண்டும், கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருபது செடி இருந்தால்தான் ஒன்று.

பிரண்டையை அப்படியே வைத்தால் பிரஸ்ஸுக்குள்ளேயே தளிர் விடும். தண்டை நெடுக்காகப் பிளந்து, பூவும் காயும் நனையாமல் தண்டை மட்டும் கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்தால் உயிரணு செத்துவிடும், பிறகு மற்றச் செடிபோலக் காயும். புளியங்கொத்துக்கும் இதே வைத்தியம், சில நொடிகள் போதும். இல்லாவிட்டால் சிற்றிலை எல்லாம் உதிர்ந்து வெறும் காம்புதான் மிஞ்சும். செங்காந்தள், அடப்பங்கொடி போன்ற மெல்லிய பூக்களை டிஷ்யூ தாளுக்குள் வைத்து, காயும் வரை அந்தத் தாளைத் திறக்கவே கூடாது. மாற்றுவது வெளி ஒற்றுத்தாளை மட்டும். ஈரமாக இருக்கும்போது திறந்தால் இதழ் தாளோடு ஒட்டிக் கிழியும். இந்தக் கட்டில் தேறாத மூன்றில் இரண்டு அப்படிப் போன செங்காந்தள்தான். மூன்றாவது ஒரு கத்தாழைப் பூந்தண்டு, தடிமன் அதிகம்.

காய்ந்ததா என்று பார்க்க இலையைக் கீழுதட்டில் வையுங்கள். ஜில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. அடித்தண்டைப் பிடித்து நிமிர்த்தினால் செடி தலை சாயாமல் விறைப்பாக நிற்கவேண்டும். மெல்லிய இலைகள் 30 மணி நேரத்தில் இந்தச் சோதனையில் தேறின, வெண்கண்டலுக்கு 50 ஆனது. ஒற்றுத்தாளை 12-வது மணியில் ஒருமுறைதான் மாற்றினோம்.

இப்போது காய்ந்த மாதிரிகள் எல்லாம் பூச்சி சாவதற்காகக் குளிரூட்டலில் இருக்கின்றன. பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் மூடி, மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம். வீட்டு ஃப்ரிட்ஜின் மேல்தட்டு அவ்வளவு குளிராது, அதனால் மீன் வைக்கும் பெட்டி ஃப்ரீசரில் ஒரு மூலை கேட்டு வாங்கியிருக்கிறோம். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கவேண்டாம், அறைச் சூட்டுக்கு வரும்வரை விடுங்கள். உடனே திறந்தால் வியர்த்து, காயவைத்த பாடெல்லாம் வீண். பழைய கல்லூரித் தாள்கள் யாராவது கொடுத்தால் பிள்ளைகள் கையில் தராதீர்கள், அந்தக் காலத்தில் பூச்சி வராமலிருக்கப் பாதரசக் குளோரைடு பூசுவார்கள், அது நஞ்சு.

ஒட்டும் தாள் இன்னும் முடிவாகவில்லை. 42 × 28 செ.மீ. வெட்டிய ஐவரி அட்டை சென்னை ஆண்டர்சன் தெருவில் மலிவு, ஆனால் அமிலம் இருந்தால் சில வருடத்தில் மஞ்சளாகும். புதுச்சேரியில் பருத்தித் துணிக்கழிவில் செய்யும் கைக்காகிதம் நன்றாக இருக்கிறது, மேற்பரப்புதான் சொரசொரப்பு, மெல்லிய தண்டு சரியாகப் படியவில்லை. இரண்டிலும் தலா ஐந்து செடி ஒட்டிப் பார்க்கப் போகிறோம். பசை நீர் கலந்த ஃபெவிகால், தடித்த தண்டுக்கு வெள்ளை நூல் தையல். மைதாப் பசை வேண்டாம், ராமபாணப் பூச்சிக்கு விருந்து வைத்த மாதிரி.

குறிப்புச்சீட்டு எழுதுவதைச் சனிக்கிழமை வரும் பிள்ளைகளிடம் கொடுத்திருக்கிறோம். பூவின் நிறத்தைச் செடி பறித்த இடத்திலேயே எழுதவேண்டும் என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்கிறோம், காய்ந்த பிறகு யாராலும் சொல்லமுடியாது. பேனாவும் ஜெல் இல்லை, பென்சில் அல்லது இந்தியன் இங்க். பெயரில் சந்தேகம் உள்ள நான்கு புல்வகைகளைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் ஹெர்பேரியத்தில் ஒப்பிட்டுப் பார்க்க அனுமதி கேட்டிருக்கிறோம்.

அதற்குள் அடுத்த ஆசை வந்துவிட்டது: புத்துப்பட்டு ஐயனார் காட்டில் உள்ள வீரை, காசா போன்ற மரங்களுக்கு விதைப்பெட்டி. கோயில்காடு என்பதால் கிளை வெட்டுவது இல்லை, கேட்டுக்கொண்டு உதிர்ந்த காயை மட்டும் பொறுக்குவது. விதைக்கு அழுத்தம் வேண்டாம், ஆனால் வண்டு பயம் அதிகம், எனவே ஃப்ரீசர் மூலையை இன்னும் ஒரு மாதம் நீட்டிக் கேட்கவேண்டும்.